வெறும் தண்ணீர்

அந்தப் பேப்பரைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்கள் தம்பி. ஐந்தாம் பக்கம். நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே. 'சூரிய எரிபொருள் ஆய்வில் மோசடியா? இன்று விசாரணை.' படித்தாயிற்றா? தலைப்போடு நிறுத்திக்கொண்டீர்களா? எல்லாரும் அப்படித்தான். கடைசிப் பத்திக்கு வாருங்கள். 'கண்ணாடிக் கலன்களை ஆய்வக உதவியாளர் வெறும் தண்ணீரால் மட்டுமே கழுவினார் என்று மாணவி தன் விளக்கத்தில் கூறியுள்ளார்.'

அந்த ஆய்வக உதவியாளர் நான்தான். சொள்ளமுத்து. பெயரைப் போடவில்லை. போடாததே நல்லது. வெறும் தண்ணீராம். முப்பத்து நான்கு வருஷம் கண்ணாடி கழுவியவனைப் பார்த்து, வெறும் தண்ணீர். உங்களுக்கு என்ன தொழில்? ஜவுளிக்கடையா? சரி. இந்த ஆள் துணியை முழம் போட்டு அளக்கமாட்டான், கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாகக் கிழிப்பான் என்று பேப்பரில் போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? இருக்கமாட்டீர்கள். நானும் இருக்கப் போவதில்லை.

பதினோரு மணிக்கு விசாரணை. என்னைக் கூப்பிடவில்லை. நானாகப் போகிறேன். அந்தப் பிள்ளையின் பட்டம் போகும் என்கிறார்கள். அவள் தானே மருந்தைக் கலந்துவிட்டு, வெயிலில் வந்தது என்று ஊரை ஏமாற்றினாள் என்பது வழக்கு. அது அவர்கள் பாடு. எனக்கு அந்த ஒரு வரி. அதை மாற்றிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

என்ன ஆராய்ச்சி என்றா கேட்கிறீர்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. இலை இருக்கிறதே, அது வெயிலைத் தின்று, காற்றையும் தண்ணீரையும் சேர்த்துத் தனக்குச் சாப்பாடு பண்ணிக்கொள்கிறது. அதே வேலையை ஒரு பொடியை வைத்துப் பண்ண வேண்டும். சாப்பாட்டுக்குப் பதில் எரிபொருள் வர வேண்டும். அவ்வளவுதான். இதை நாற்பது பக்கம் எழுதுவார்கள்.

பொடியும் சாதாரணப் பொடிதான். சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயிண்டில் இருக்கிற சரக்கு. அதைக் காரத்தில் வேகவைத்துக் குழல் குழலாக ஆக்குவார்கள். புட்டுக்குழல் இல்லை. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏழாயிரம் எட்டாயிரம் குழலை அடுக்கலாம் என்பாள் அந்தப் பிள்ளை. அந்தக் குழலில் செம்பைப் புள்ளி புள்ளியாக ஒட்டுவாள். நானோ என்பாள். என் கண்ணுக்கு அது திருநீறு.

பிள்ளை பெயர் எப்சிபா. நாசரேத்துப் பக்கம். அவளுக்கு மேலே பேராசிரியர் தாணுமூர்த்தி. நல்ல மனுஷன். என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். பி.எஸ்ஸி. பையன்கள் உடைக்கிற குழாய்களுக்கு நடுவே கிடந்தவனை, 'எனக்கு அந்த ஆள்தான் வேணும்' என்று பிரின்சிபாலிடம் கேட்டு வாங்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஆனி மாதம்.

அதுவரை அந்தப் பிள்ளையே கழுவிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் வெயிலில் வைத்து வைத்து எடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. நான் போன மூன்றாம் வாரம் வந்தது. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் போன மூன்றாம் வாரம்.

எப்படி என்றால், மொட்டை மாடியில் மூன்று கண்ணாடிக் கலன். மூன்றிலும் தண்ணீர், சோடாவில் ஏற்றுகிற அதே வாயு. முதல் கலனில் பொடி உண்டு, வெயிலும் உண்டு. அதுதான் மாப்பிள்ளை. மற்ற இரண்டும் சும்மா. ஒன்றில் வெயில் இருக்கும், பொடி இருக்காது. இன்னொன்றில் பொடி இருக்கும், மேலே கறுப்புத் துணி போட்டு மூடியிருக்கும். அவற்றில் ஒன்றும் வரக்கூடாது. ஒன்றும் வராமல் இருப்பதற்காகவே வைப்பார்கள். படித்தவர்கள் வேலை அப்படி.

ஒவ்வொரு கலனுக்கும் மூடி. மூடிக்கு நடுவே ஒரு ரப்பர் அடைப்பான். சாயங்காலம் அந்த ரப்பரில் ஊசியைக் குத்தி உள்ளே இருப்பதை உறிஞ்சி மெஷினில் விடுவாள். மெஷின் கோடு போடும். சரக்கு இருந்தால் கோடு மலை மாதிரி எழும்பும். இல்லாவிட்டால் தரையோடு தரையாகப் போகும். சரக்குக்கு அவர்கள் வைத்த பெயர் புராடக்ட். 'அண்ணாச்சி, புராடக்ட் வந்துட்டு!' என்று மாடிப்படியில் ஓடி வருவாள். நானும் புராடக்ட் என்பேன். அது என்ன ஏது என்று நான் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை. கழுவுகிறவனுக்கு எதற்கு?

இப்போது கழுவுகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை முதல் நாளே சொன்னாள். 'அண்ணாச்சி, சோப்பு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வாலைத் தண்ணியில அஞ்சு தடவ அலசி ஓவன்ல காய வச்சிருங்க. போதும்.'

வாலைத் தண்ணி என்றால் காய்ச்சி வடித்த தண்ணீர். போதுமாம். நான் சரிம்மா என்றேன். வேறு என்ன சொல்வது? நேற்று வந்தவள். தண்ணீரில் அலசினால் கண்ணாடியில் சொட்டுச் சொட்டாகத் தங்கும். காய்ந்தால் தடம் விழும். அந்த ஓவன் சூடேற ஒரு மணி, ஆற ஒரு மணி. நான் வேலை கற்றுக்கொண்டபோது கடைசி அலசு ஸ்பிரிட்டில்தான். ஒரு கை ஊற்றிச் சுழற்றினால் கண்ணாடி கண்ணெதிரே காயும். பளிங்கு மாதிரி நிற்கும்.

ஸ்பிரிட் என்றால் பழைய ஸ்பிரிட் இல்லை. அதற்குக் கலால் ஆபீஸில் போய்ப் பர்மிட் வாங்க வேண்டும். ஸ்டோர் கீப்பர் பிச்சையா நடந்து நடந்து அலுத்துப்போய், பதினைந்து வருஷத்துக்கு முன்னாலேயே வேறு ஒன்றை வரவழைத்து அதே கேனில் ஊற்ற ஆரம்பித்தார். 'வே சொள்ளமுத்து, இது மெத்திலு. வாயில வச்சிராதியும், கண்ணு போயிரும்' என்றார். நான் என்ன குடிக்கவா போகிறேன்? கேன் அதே கேன். நாங்கள் ஸ்பிரிட் என்றே சொல்லிக்கொண்டோம்.

ஆனால் அளந்துதான் தருவார் பிச்சையா. மூன்று கலனுக்கும் ஊற்றினால் மாதம் தாங்காது. அதனால் சும்மா வைக்கிற இரண்டையும் அவள் சொன்னபடியே தண்ணீரில் அலசி வைத்துவிடுவேன். ஒன்றும் வரக்கூடாத பாத்திரத்துக்கு எதற்குச் சீராட்டு? மாப்பிள்ளைக் கலனுக்கு மட்டும் ஸ்பிரிட். அதன் ரப்பரைச் சாயங்காலமே கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி ஊறப்போடுவேன். காலையில் எடுத்துத் துடைத்து மாட்டுவேன். ரப்பர் புசுபுசுவென்று மெத்தையாக இருக்கும். காற்றுக்கூட உள்ளே போகாது. இதெல்லாம் யார் செய்வார்கள்? சொல்லுங்கள். சம்பளத்துக்கா செய்தேன்?

வெறும் தண்ணீராம்.

சரி, கேளுங்கள். நான் கை வைத்த பிறகு கோடு எழும்பியது என்றேனே. சும்மா எழும்பவில்லை. சித்திரை வெயிலில் மலையாக எழும்பும். கார்த்திகையில் மேகம் போட்டால் சின்னக் கரடாகக் குறையும். வெயிலுக்குத் தக்கபடி! தாணுமூர்த்தி சார் அந்தக் கோடுகளை எல்லாம் சுவரில் ஒட்டினார். மற்ற இரண்டு கலனிலும் பூஜ்யம். சுத்தமான பூஜ்யம். 'இதைவிட என்னம்மா வேணும்' என்றார் அவளிடம்.

இன்னொன்று. என் மச்சான் மகள் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு போட்டேன். அந்த நான்கு நாளும் கோடு எழும்பவே இல்லை. திரும்பி வந்தேன். எழும்பியது. அப்புறம் மஞ்சள்காமாலையில் பத்து நாள் படுத்தேன். பத்து நாளும் ஒன்றுமில்லை. அன்றிலிருந்து லேப் முழுக்க ஒரே பேச்சு, அண்ணாச்சி கைராசி என்று. கலனை மாட்டுமுன் என் கையால் ஒருதரம் தொடச் சொல்வார்கள். சார் சிரிப்பார், ஆனால் நான் தொடாமல் மாட்டவிடமாட்டார்.

அப்புறம் அச்சில் வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகை. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில் ஒரு வரி. என் பெயர். இங்கிலீஷில், ஓர் எழுத்துப் பிழையோடு. பரவாயில்லை. என் பெயர் அதற்குமுன் அச்சில் வந்தது கல்யாணப் பத்திரிகையில் ஒருதரம், வாக்காளர் பட்டியலில் ஒருதரம். விழா வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை. 'நம்ம சொள்ளமுத்து அண்ணாச்சி கை பட்டாத்தான் பொடி பேசும்' என்று சார் மைக்கில் சொன்னார். கைதட்டினார்கள். முன்வரிசையில் என் வீட்டுக்காரி பேச்சியம்மை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதையெல்லாம் அந்தப் பிள்ளைதான் கெடுத்தது.

வந்தது வந்ததாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக்கூடாதா? விடமாட்டாள். கரியிலேயே கனம் கூடிய கரி ஒன்று உண்டாம். அந்தக் கரியில் செய்த வாயுவைச் சின்ன சிலிண்டரில் வரவழைத்தாள். அது ஒரு அடையாளம் மாதிரி. மாட்டுக்குச் சூடு போடுகிறோமே, அப்படி. உள்ளே விடுகிற வாயுவில் அடையாளம் இருந்தால், வெளியே வருகிற புராடக்டிலும் அதே அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வாயுவிலிருந்து வரவில்லை, வேறெங்கிருந்தோ வந்தது.

இல்லை.

மூன்று தரம் செய்தாள். மூன்று தரமும் அடையாளம் இல்லை. நான் பக்கத்தில் நின்றேன். 'எங்கிருந்தோ உள்ள வந்திருக்கு சார். நம்ம பொடி ஒண்ணும் செய்யல' என்றாள். சார் கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினால் என்ன? வெளியே கேட்டது. 'நாலு பேரு முன்னால என்னை அம்மணமா நிறுத்தப் பாக்கிறியா' என்று கத்தினார். அவள் கத்தவில்லை. வெளியே வந்தாள். நேரே பத்திரிகைக்கு எழுதிப்போட்டுவிட்டாள், எங்கள் கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், தவறு இருக்கிறது என்று. எடுத்துக்கொண்டார்கள். என் பெயரும் அதோடு போயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்டாளா?

நான் போன வைகாசியில் ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு அவளே கழுவி, அவளே வைத்துப் பார்த்தாளாம். வரவே இல்லை. வராது. நான் இல்லையே. ஆனால் சார் அதை வேறு மாதிரி திருப்பினார். 'கவனிக்க ஆளில்லாத வரைக்கும் வந்துது. எல்லாரும் பாக்க ஆரம்பிச்ச உடனே நின்னுபோச்சு. அப்ப ஊத்தினது யாரு?' என்றார். அவள்தான் என்று எழுதியும் கொடுத்தார். அதுதான் இன்றைய விசாரணை.

எனக்கு அதில் சம்மதம் இல்லை. அவள் ஊற்றுகிற ரகம் இல்லை. ஊற்றியிருந்தால் எதற்குத் தானே போய்ச் சொல்கிறாள்? ஆனால் அது என் வழக்கு இல்லை.

பங்குனியில் என் வீட்டுக்கு வந்தாள். நல்ல மதியம். ஆளே பாதியாகிவிட்டாள். ஒரு பை ஆப்பிள். பேச்சியம்மை மோர் கொடுத்தாள். குடித்துக்கொண்டே, 'அண்ணாச்சி, கோவப்படக்கூடாது. ஒண்ணு கேக்கணும். நான் சொன்னபடிதானே கழுவினிய?' என்றாள்.

சொன்னபடிதான் என்றேன். பின்னே? ஓய்வு பெற்றவனிடம் வந்து, சொன்ன பேச்சைக் கேட்டாயா என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

அதோடு விட்டிருக்கலாம். 'வேற எதுவும் உபயோகிச்சியளா? மெத்தனால் மாதிரி ஏதாவது?' என்றாள்.

மெத்தனால்! அந்த வாரம்தான் டிவியில் கள்ளச்சாராயச் சாவு. மெத்தனால், மெத்தனால் என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் வீட்டில் உட்கார்ந்து, என் மோரைக் குடித்துக்கொண்டு, என் பெண்டாட்டி முன்னால் கேட்கிறாள். 'என்னைப் பாத்தா சாராயங் காய்ச்சுதவன் மாதிரி இருக்கா?' என்றேன். 'அய்யோ, அது இல்ல அண்ணாச்சி, கேளுங்க' என்றாள். 'எந்திரி' என்றேன். பாதி மோரை வைத்துவிட்டு எழுந்தாள். வாசலில் நின்று, 'உங்க மேல ஒரு பழியும் வராது. தண்ணியிலதான் கழுவினியன்னு நானே எழுதிக் குடுத்துருதேன். நீங்க சொன்னா நான் நம்புதேன்' என்றாள். பேச்சியம்மை அன்று ராத்திரி எனக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள்.

என்னைக் காப்பாற்றுகிறாளாம். எப்படிக் காப்பாற்றியிருக்கிறாள், பார்த்தீர்களா? பேப்பரில் போட்டு!

காலையில் பேப்பரை மடித்துவைத்த கையோடு சாருக்குப் போன் போட்டேன். 'சார், நான் வெறும் தண்ணியில கழுவுகிறவனா? ஸ்பிரிட்டில் கழுவினேன், ரப்பரை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டேன். இன்றைக்கு வந்து சொல்லப் போகிறேன்' என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். 'அண்ணாச்சி, நீங்க வரவேண்டாம். தண்ணீர்னே இருக்கட்டும். அதுதான் எல்லாருக்கும் நல்லது. யாருகிட்டயும் சொல்லாதீங்க.' எனக்கு மரியாதைக் குறைவு வரக்கூடாது என்று பார்க்கிறார். நல்ல மனுஷன் என்றேன் அல்லவா?

என்ன? என்ன கேட்டீர்கள்?

ஆமாம், பிச்சையா அப்படித்தான் சொன்னார். குடித்தால் கண் போகும். மெத்திலு. அதற்கென்ன?

எங்கே போட்டிருக்கிறது? முதல் பத்தியிலா? நான் என் வரியைத்தான் படித்தேன். மற்றது எனக்குத் தெரிந்த கதைதானே. கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே படியுங்கள். மெதுவாகப் படியுங்கள்.

'வெயிலில் உருவானதாகக் கூறப்பட்ட மெத்தனால் என்னும் எரிபொருள்.'

இல்லை தம்பி. அது புராடக்ட். மெத்தனால் சாராய விஷயம். குடித்தால் கண்...

சும்மா இருங்கள் கொஞ்சம். பேசாதீர்கள்.

அந்த ரப்பர் வெயிலில் கொதிக்கும். தொட்டால் சுடும். சித்திரையில் ரொம்பச் சுடும். ராத்திரி முழுக்கக் குடித்த ஸ்பிரிட்டை அப்போது கலனுக்குள் விட்டிருக்கும்.

மற்ற இரண்டின் ரப்பரை நான் ஊறப்போடவே இல்லை.

கங்கைகொண்டான் தாண்டிவிட்டதா? தாண்டியது தெரியவில்லை.

ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறீர்கள். கயத்தாற்றில் ஏறினீர்கள். இன்னும் முக்கால் மணி நேரம் ஆகவில்லை, உங்களுக்குப் புரிந்துவிட்டது. அங்கே எட்டுப் பேர் டாக்டர் பட்டம். ஒரு வருஷம் தேடியிருக்கிறார்கள். ஏன் தெரியுமா? சொன்னபடி செய்தாயா என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். என்ன செய்தாய் என்று ஒருத்தன் கேட்கவில்லை. முப்பத்து நான்கு வருஷத்தில் ஒருத்தன்! நான் செய்கிறதை நின்று பார்த்தவன் உண்டா? கைராசி என்றார்கள். ராசி என்று சொல்லிவிட்டால் அப்புறம் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள்.

அவள் கேட்டாள். ஆமாம். நீங்கள் எடுத்துக் கொடுக்க வேண்டாம், எனக்கே தெரிகிறது. அவள் கேட்டாள். நான் எந்திரி என்றேன்.

அவர் காலையில் போனில் பேசாமல் இருந்தாரே, அது மரியாதை பார்த்து இல்லை. அவருக்கு அந்த நிமிஷமே புரிந்திருக்கிறது. புரிந்துகொண்டு, தண்ணீர்னே இருக்கட்டும் என்கிறார். அந்தப் பிள்ளை போனால் போகட்டும் என்கிறார். எல்லாருக்கும் நல்லதாம். எல்லாருக்கும் என்றால் யார்? அவரும் நானும். அவருக்கு மரியாதை கிடக்கும், சோதித்துப் பார்க்காமல் சுவரில் ஒட்டியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்குக் கைராசி கிடக்கும். இரண்டு பேரும் சாகிற வரைக்கும் வைத்துக்கொண்டு மினுக்கலாம்.

அப்படிப் பார்க்காதீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் வேண்டாம்.

நான் செய்தது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது வேறு. நன்றாகத்தான் கழுவினேன். அதைவிட நன்றாக இந்த ஜில்லாவில் எவனும் கழுவமாட்டான். ஆனால் கழுவினது எதிலே என்பதைச் சொல்ல வேண்டும். சொன்னால் பொடி செத்தது, ராசி செத்தது, போர்த்தின பொன்னாடையை நினைத்து ஊர் சிரிக்கும். பேச்சியம்மை காதிலும் விழும். விழட்டும். அவள் எனக்கு முன்னாலேயே அந்தப் பிள்ளை பக்கம்.

மணி என்ன? பத்தே முக்காலா? ஸ்டாப் வருகிறது. காலை எடுங்கள், வழியை விடுங்கள். ஏய் கண்டக்டர், காலேஜ் வாசல் இறங்கணும், விசிலை ஊதும்! கழுத்து வரைக்கும் ஆளை ஏற்றுகிறீர், இறக்க மட்டும் மறந்துவிடுகிறீர்.

வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். பெயர் பட்டியலில் இல்லை என்பான். சார் சொல்லி வைத்திருப்பார். விடாவிட்டால் போகட்டும், கேட்டில் நின்றே கத்துவேன். ஸ்பிரிட் என்று கத்தினால் ஒருத்தனுக்கும் புரியாது. மெத்தனால் என்று கத்துவேன். சொள்ளமுத்து மெத்தனாலில் கழுவினான் என்று அவர்கள் பாஷையிலேயே கத்துவேன். அவள் எந்த மாடியில், எந்த அறையில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். தொண்டை இன்னும் இருக்கிறது எனக்கு.